கப்பல் மணியும் கரை மணியும்

ஜனவரி 17, 2023, செவ்வாய்

இன்று துறைமுகத்தில் இரண்டு கப்பல். என் வண்டிக்கு நான்கு பேர், ஸ்காட்லாந்துக்காரர்கள். ஏறி உட்கார்ந்தார்கள், ஒரு காலை வணக்கம் கிடையாது. நான் சாவியைத் திருகாமல் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கெட்டுவிட்டதா என்று கேட்டார்கள். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, இந்தக் கிரெனடாத் தீவில் வணக்கம் சொன்னால்தான் கிளம்பும் என்றேன். மாலைக்குள் வழியோரம் கட்டியிருந்த ஆட்டுக்குக்கூட வணக்கம் சொல்லப் பழகிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும்.

கப்பல் ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி முன்பே துறைமுக வாசலில் இறக்கிவிட்டேன். கப்பல்காரர்களின் சொந்தப் பேருந்தில் ஊர் சுற்றப் போனவர்கள் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். என்னைப் போன்ற தனி வண்டிக்காரனை நம்பிப் போனவர்களுக்கு ஒரு நிமிடம் நிற்காது. இந்தத் தொழிலில் ஒருவனுடைய பெயர் என்பது அவன் எத்தனை பேரைக் கரையில் விட்டான் என்பதுதான். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒருவரையும் விட்டதில்லை.

வீட்டுக்கு வந்தால் ஜாய்ஸ்லின் முற்றத்தில் எனக்காகக் காத்திருந்தாள். என் தங்கை. இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். வண்டிப் பதிவுகளை அவள்தான் பார்க்கிறாள், எனக்கும் கணினிக்கும் ஒத்துவராது. டொரான்டோவிலிருந்து மிஸ் நோரீன் எழுதியிருக்கிறாராம். முழங்காலில் அறுவை சிகிச்சை. வழக்கமாக வரும் ஜனவரிக் கப்பலில் இந்த வருடம் இல்லை. மார்ச் 14இல் வருகிற கப்பலில் வருகிறார்.

"மூஞ்சி ஏன் அப்படிப் போகுது அண்ணே? வரலன்னா சொன்னாங்க? தள்ளித்தானே வராங்க," என்றாள்.

என் மூஞ்சி எங்கும் போகவில்லை. பல் வலி.

ஜனவரி 19

பல் வலி இல்லை. இதில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

பிப்ரவரி 5, ஞாயிறு

கப்பல் இல்லாத நாள். கோயிலில் பாதிரியார் என்ன பேசினார் என்று கேட்டால் தெரியாது. நான் வேறு யோசனையில் இருந்தேன்.

மிஸ் நோரீன் முதன்முதலில் வந்தது 2018இல். மற்றவர்கள் பின்னால் ஜன்னலோரம் தேடுவார்கள். அவர் நேராக முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மலை ஏறுகிற பெரிய வளைவில், "இங்க செகண்ட் கியர் போதும், டிரைவரே," என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மலையில் பிறந்தவனுக்கு யார் பாடம் எடுப்பது? பிறகுதான் தெரிந்தது, டொரான்டோ நகரப் பேருந்தை இருபத்தொன்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கயானாவில் பிறந்து, பதினோரு வயதில் அங்கே போனவர். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. என் மனைவி அகதாவும் போய் அப்போது நான்கு வருடம்.

செகண்ட் கியர் போதும் என்பது சரிதான். இன்றுவரை அந்த வளைவில் எனக்கு செகண்ட் கியர்தான்.

அதற்குப் பிறகு வருடம் ஒரு நாள். கப்பலே வராத நோய்க்காலத்தில் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பேசுவோம். பனியில் பேருந்து ஓட்டுவது எப்படி என்று எனக்கு எல்லாம் தெரியும் இப்போது, பனியைத்தான் பார்த்ததில்லை. கப்பல்கள் திரும்பி வந்ததும் அந்த அழைப்புகள் நின்றுவிட்டன. இனி நேரிலேயே பார்க்கலாமே என்று நினைத்திருப்பார். நானாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பயணியைத் தொந்தரவு செய்கிறவன் என்று நினைத்துவிட்டால்?

நான்கு தடவை, தடவைக்கு எட்டு மணி நேரம். கூட்டிப் பார்த்தேன், ஒன்றரை நாள்கூடத் தேறவில்லை. ஒன்றரை நாள் பழகிய பெண்ணிடம் இங்கேயே இருந்துவிடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

கேட்க வேண்டும். அறுபத்து மூன்று வயதாகிறது. இந்த முறை கேட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி 23

மேஜர் மோப்பம் பிடித்துவிட்டான். பட்டாளத்தை எட்டிப் பார்த்தவன் இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே அந்தப் பெயர். வாசலில் என் வண்டிக்கு அடுத்து அவன் வண்டி. "கனடாக்காரம்மா இந்த வருஷம் வரலையா? அதான் ஆள் ஈரத் துணி மாதிரி தொங்குறே," என்றான். நாளையிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்த வேண்டும்.

மார்ச் 12, ஞாயிறு

ஜாய்ஸ்லின் சோட்டேர்ஸுக்குப் போயிருக்கிறாள். மகளுக்குப் பிரசவம், ஆண் குழந்தை. நான் தனியாள். நாள் முழுக்க வண்டிதான். இருக்கை உறைகளைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி மாட்டினேன். சக்கரங்களைத் தேய்த்தேன். வாசலில் தூக்கிப் பிடிக்கிற, அவர் பெயர் எழுதிய பலகையில் பழைய வர்ணம் உரிந்திருந்தது, புதிதாக எழுதினேன். இரண்டாவது 'E' சாய்ந்துவிட்டதால் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

பிறகு காலி வண்டியில் உட்கார்ந்து பக்கத்து இருக்கையிடம் சொல்லிப் பார்த்தேன். "மிஸ் நோரீன், நான் ஒண்ணு கேக்கலாமா." அதற்கு மேல் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர் யாரிடம் பேசுகிறேன் என்று பார்த்தார். ரேடியோ என்று சொல்லிவிட்டேன்.

வண்டி மின்னுகிறது. எதையும் மறக்கவில்லை.

மார்ச் 13

முடி வெட்டிக்கொண்டேன். காது பெரிதாகத் தெரிகிறது.

மார்ச் 14, செவ்வாய்

போச்சு. இருபத்திரண்டு வருஷம், எல்லாம் போச்சு.

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலை ஆறரைக்கே பலகையோடு வாசலில் நின்றேன். வண்டிக் கடிகாரத்தில் நான் எப்போதும் கப்பல் மணியைத்தான் வைத்திருப்பேன். ஃப்ளோரிடாவிலிருந்து வருகிற கப்பல்கள் அங்கத்திய மணியைச் சுமந்துகொண்டே வரும். நவம்பரிலிருந்து அது நம் கரை மணிக்கு ஒரு மணி நேரம் பின்னால். நாலரைக்குள் கப்பல் ஏற வேண்டும் என்று அவர்கள் சொன்னால் நமக்கு அது ஐந்தரை. இதில் குழம்பக் கூடாது என்றுதான் வண்டியில் அவர்கள் மணி.

அந்தக் கடிகாரம் ஏழே கால் காட்டும்போது மிஸ் நோரீன் கைத்தடியோடு வந்துவிட்டார். எட்டு மணிக்குத்தானே கதவு திறப்பார்கள்? முக்கால் மணி முன்பே இறங்கி வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். எனக்காகத்தான் என்றும், எழுதவே கூசுகிறது, நினைத்தேன். அவருக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை யார் பார்த்தது?

மீன் சந்தைக்குப் போனோம். கிரென்வில்லில் உப்பு மீனும் பொரித்த ரொட்டியும் சாப்பிட்டோம். அருவி, கோட்டை எதுவும் வேண்டாம் என்று என்றைக்கோ சொல்லிவிட்டார். அங்கிருந்து பேர்ல்ஸில் இருக்கிற பழைய விமான ஓடுதளத்துக்குப் போகச் சொன்னார். விமானம் இறங்குவது நின்று பல வருடம், இப்போது ஆடு மேய்கிற இடம். நடுவில் வண்டியை நிறுத்தினேன்.

"டிரைவரே, சாவியக் கேட்டா தருவீங்களா?" என்றார்.

மருத்துவர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாராம். ஆனால் டொரான்டோவில் உட்கார்ந்து பார்த்தால் கால் நடுங்குகிறதாம். இருபத்தொன்பது வருடம் ஓட்டிய காலுக்குப் பயம் வந்துவிட்டது, அது போகுமா போகாதா என்று யாரும் பார்க்காத இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். என் சாவியை ஜாய்ஸ்லினுக்குக்கூடக் கொடுத்ததில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன். முதலில் இரண்டு தடவை வண்டி குதித்து நின்றது. பிறகு ஓடுதளத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நான்கு தடவை போய் வந்தார். ஆடுகள் ஒதுங்கி நின்று பார்த்தன. கடைசித் தடவை நிறுத்தியபோது அவர் கண் நிறைந்திருந்தது.

"சொன்ன பேச்சு கேக்குது," என்று முழங்காலைத் தட்டினார்.

அதுதான் நேரம். எனக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். "கிளட்ச்ச இன்னும் கொஞ்சம் மெதுவா விடுங்க," என்றேன். என்னை எதால் அடிப்பது?

திரும்பும் வழியில் கிராண்ட் எட்டாங் ஏரியருகே மழை பிடித்துக்கொண்டது. சுட்ட சோளம் வாங்கிக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். கடிகாரம் மூன்றாகப் பத்து நிமிடம். "கிளம்பணுமா?" என்று கேட்டார். ஏற வேண்டியது நாலரைக்குத்தானே, நேரம் கிடக்கிறது என்று சிரித்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. நீங்கதான் டிரைவர்," என்றார். மற்ற நாளாக இருந்தால் மூன்றரைக்கு வாசலில் நின்றிருப்பேன். இன்று அவரோடு அரை மணி கூட இருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதுதான் தப்பு.

மலை இறங்கும் கடைசித் திருப்பத்தில் துறைமுகம் முழுவதும் தெரியும். கப்பல் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. என் கடிகாரத்தில் நாலு ஐந்து. நாலு மணிக்கு எதற்குப் போகிறான், ஏதோ ஆபத்து போல என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் மேஜர் நின்றிருந்தான். சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

"டேய் க்ளீட்டஸ், அமெரிக்காக்காரன் ஞாயித்துக்கிழமை கடிகாரத்த முன்னால தள்ளிட்டான்டா. வருஷா வருஷம் தள்றதுதானே. அவன் மணியும் நம்ம மணியும் இப்ப ஒண்ணு. மணி அஞ்சு தாண்டிருச்சு."

நாம் இங்கே கடிகாரத்தைத் தொடுவதே கிடையாது. அதனால் மார்ச்சில் அந்த ஒரு ஞாயிறு ஜாய்ஸ்லின்தான் ஞாபகப்படுத்துவாள், நான் போய் வண்டி முள்ளைத் தள்ளி வைப்பேன். இந்த ஞாயிறு அவள் இல்லை. நான் சக்கரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குவதற்கு எனக்கு வேறு நாளா கிடைக்கவில்லை? வேறு ஆளா கிடைக்கவில்லை?

கப்பலின் முகவர் வந்து அவருடைய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆள் வராவிட்டால் அறையிலிருந்து அதை எடுத்துக் கரையில் கொடுத்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். நான் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டிருப்பேன். மிஸ் நோரீன் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "பசிக்குது டிரைவரே," என்றார்.

பயணியைக் கரையில் விட்டுவிட்டவன் அவரைத் தன் கூரைக்குக் கீழே தங்கவைத்து, அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்கள் வண்டிக்காரர்கள் வழக்கம் அது, எழுதிவைக்காத சட்டம். நாளை கப்பல் பார்படோஸில் நிற்கும். காலை முதல் விமானத்தில் இடம் வாங்கிவிட்டேன். செய்தி சோட்டேர்ஸ் வரை போய் ஜாய்ஸ்லின் அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் வீட்டில்தான் படுக்கை. தேங்காய்ப் பாலில் ஈரப்பலாக்காய் வேகவைத்துப் போட்டாள். மிஸ் நோரீன் இரண்டு தட்டு சாப்பிட்டார். இருவரும் ஏதேதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மார்ச் 15, புதன்

விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். ஆறு மணிக்கே போய்விட்டோம்.

"அவ்வளவு அவசரமா டிரைவரே? கப்பல் நாளைக்கு செயின்ட் லூசியாவுக்கும் போகுது. அங்க போய்க்கூட ஏறலாம்," என்றார் உள்ளே போவதற்கு முன்.

"என் தப்பு மிஸ் நோரீன். அதுக்காக உங்க பயணம் ஒரு நாள்கூடக் கெடக் கூடாது."

"நல்ல டிரைவர் நீங்க," என்றார். அது பாராட்டு மாதிரி இல்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். கோபம்தான். இருக்காதா பின்னே?

பிற்பகல்.

வீட்டுக்கு வந்தபோது ஜாய்ஸ்லின் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அனுப்பிவிட்டாயா என்று கேட்டாள். அனுப்பிவிட்டேன், ஜன்னலோர இடம் என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இருபத்தொம்போது வருஷம் பஸ் ஓட்டினவங்க, அண்ணே. ஒரு நிமிஷம் பிந்தினா ஏன்னு கேக்கிற வேலை. அவங்களுக்கா மணி தெரியாமப் போச்சு?"

எனக்குப் புரியவில்லை.

"கடிகாரத்தத் தள்ளி வைங்கன்னு கப்பல்ல ரெண்டு நாளா ஒலிபெருக்கியில கத்தியிருப்பான். அந்தம்மா கையில கட்டியிருந்தது என்ன, வளையலா?"

உட்கார்ந்துவிட்டேன். ஏரிக்கரையில் கிளம்ப வேண்டுமா என்று கேட்டது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. அப்போது கிளம்பியிருந்தால் கப்பலைப் பிடித்திருக்கலாம். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தெரிஞ்சேதான் விட்டிருக்காங்க. கப்பலையே விட்டிருக்காங்க. நான் என்ன பண்ணேன்? விடிஞ்சும் விடியாம மூட்டை கட்டி அனுப்பிட்டேன். முட்டாள், முட்டாள், முட்டாள்.

"இங்க உக்காந்து என்ன பண்றே? கப்பல் நாளைக்கு எங்க நிக்கும்னு அந்தம்மாவே உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போயிருக்காங்க," என்றாள் ஜாய்ஸ்லின்.

மார்ச் 16, வியாழன்

செயின்ட் லூசியா. விமான நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரும்பும் விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

காலை முதல் விமானத்தில் கிளம்பி, செயின்ட் வின்சென்டில் இறங்கி ஏறி, பத்து மணிக்கு காஸ்ட்ரீஸ் துறைமுக வாசலுக்கு வந்து பலகையைத் தூக்கிப் பிடித்தேன். உடனே அந்த ஊர் வண்டிக்காரர்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். எந்த ஊர், எந்தச் சங்கம், இங்கே வரிசை இருப்பது தெரியாதா என்று ஆளுக்கொரு கேள்வி. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வாசலில் வேற்றூர்க்காரன் இப்படி வந்து நின்றால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

"ஆள் ஏத்த வரல, தம்பிகளா. வண்டியே இல்ல என்கிட்ட. செவ்வாய்க்கிழமை ஒருத்தங்கள கப்பல் ஏறவிடாமப் பண்ணிட்டேன். நேத்து ஏத்தி அனுப்பிட்டேன். ரெண்டுல எது தப்புன்னு அவங்களக் கேக்க வந்தேன்," என்றேன்.

வழி விட்டு ஒதுங்கினார்கள். பிறகு ஒருவன் நாற்காலி கொண்டுவந்தான். இன்னொருவன் இளநீர் வெட்டிக் கொடுத்தான். வெளியே வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நீங்கள்தான் மிஸ் நோரீனா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நானே வெட்கப்பட்டு நிறுத்தச் சொன்னேன். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அவருக்கு இங்கே எந்தப் பதிவும் இல்லை, கப்பலை விட்டு இறங்காமலே இருந்துவிடலாம். அல்லது எட்டு மணிக்கே இறங்கிப் போயிருக்கலாம். வந்ததே பைத்தியக்காரத்தனம் என்று தோன்ற ஆரம்பித்தது.

ஒரு மணிக்குக் கைத்தடி தெரிந்தது. பலகையைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பலகையைப் படித்தார்.

"எனக்கு இந்த ஊர்ல வண்டி பதிவு இல்லையே, டிரைவரே."

"அன்னைக்கு உங்களுக்கு மணி தெரியுமா?"

வணக்கம்கூடச் சொல்லவில்லை நான். அதுவே வாயில் வந்துவிட்டது.

"தெரியும். காலைல வண்டி ஏறினப்பவே உங்க கடிகாரம் தப்புன்னு தெரியும். சொல்லலாம், மத்தியானம் சொல்லலாம்னு இருந்தேன். ஏரிக்கிட்ட கேட்டுப் பாத்தேன், நேரம் கிடக்குதுன்னு அவ்வளவு சந்தோஷமா சிரிச்சீங்க. அதக் கெடுக்க மனசு வரல. வாழ்க்கைல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, பிந்திப் பாக்கலாமேன்னு விட்டுட்டேன்." கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "என்னால உங்க பேரு கெட்டது எனக்குத் தெரியும். அதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு ராத்திரி ஜாய்ஸ்லின்கிட்ட சொல்லிட்டிருந்தேன். ஆனா நீங்க காலைல அஞ்சு மணிக்கே கதவத் தட்டிட்டீங்க."

சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள், சக்கரத்தைப் பார்த்தார்கள். ஒருவனும் நகரவில்லை.

பழகி வைத்த வாக்கியம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "நோரீன், கிரெனடாவுக்கு வந்துடு. கப்பல்ல வராதே. வந்து இரு," என்றேன்.

"இதச் சொல்றதுக்கு வேற தீவுக்கு வரணுமா உனக்கு?"

அழுதாள். நானும்தான். நாற்காலி கொடுத்தவன் அவளை அதில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்துகொண்டுதான் பதில் சொன்னாள். பெட்டி கப்பலில் இருக்கிறது, வீடு டொரான்டோவில் இருக்கிறது, மகனிடம் பேச வேண்டும், எல்லாவற்றையும் ஒரு வழி பண்ண வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. "வரேன்னு சொன்னா நேரத்துக்கு வர்றவ நான். அது தெரியும்ல உனக்கு?" என்றாள்.

கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் நடந்தோம். நாலரைக்குக் கப்பல் ஏற வேண்டும். மூன்றரைக்கு வாசலில் கொண்டுவந்து விட்டேன். "இப்பவுமா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மார்ச் 21

ஊர் வாயை மூட முடியுமா? துறைமுகத்தில் என் பெயர் இப்போது 'அஞ்சு மணி'. வாசல் காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அடுத்த வாரப் பதிவில் இரண்டு குடும்பம் விலகிவிட்டது. வலிக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 4

இணையத்தில் எங்கள் வண்டிப் பக்கத்தில் நோரீன் கருத்து எழுதியிருக்கிறாளாம். ஜாய்ஸ்லின் வாசித்துக் காட்டினாள். "இந்த ஓட்டுநர் என்னைக் கப்பலை விடச் செய்தார். காரணம் நானும்தான். மலைப் பாதையில் இவரைவிடப் பத்திரமாக ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை, எனக்கு அந்தத் தொழில் தெரியும். உங்களுக்கு மணி தெரிந்தால் இவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை." ஐந்து நட்சத்திரம்.

மேஜர் அதை அச்செடுத்து வாசல் கம்பத்தில் ஒட்டியிருக்கிறான்.

மே 28, ஞாயிறு

ஞாயிறு அழைப்பு மறுபடி வருகிறது. இந்த முறை பாதி நாள் நான்தான் கூப்பிடுகிறேன். மகனுக்குச் சம்மதமில்லை. ஒன்றரை நாள் பழகிய ஒருவனுக்காக வீட்டை விட்டுப் போவதா என்று கேட்கிறானாம். அவன் கணக்கும் என் கணக்கும் ஒன்றாக இருக்கிறது. அவனைக் குறை சொல்ல முடியவில்லை.

ஜூன் 18

இரண்டு ஞாயிறாக அழைப்பு இல்லை. நானும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவசரப்படுத்தாதே என்றாள். அவசரப்படுத்தவில்லை. ஆனால் இருப்பு கொள்ளவில்லை. கப்பல் இல்லாத மாதங்களில் நாள் ஏன் இவ்வளவு நீளம்?

ஜூன் 25

அந்த மகன் கூப்பிட்டான். அவனே. குரல் அவளைப் போலவே இருக்கிறது. பேரனுக்குக் காய்ச்சல், மருத்துவமனை, அதனால்தான் அம்மா பேசவில்லை, இப்போது பரவாயில்லை என்றான். அவ்வளவுதான், வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"உங்க வீட்டுக்கு எத்தனை படி ஏறணும், சார்?" என்று கேட்டான்.

"ஏழு."

"பிடிச்சு ஏறக் கம்பி இருக்கா? அம்மா முழங்காலுக்குக் கம்பி இல்லாம முடியாது."

வைத்துவிடுவோம், இந்த வாரமே வைத்துவிடுவோம் என்றேன். வேறு என்னென்னவோ சொல்ல நினைத்தேன். அவனும்தான் நினைத்திருப்பான்.

ஜூலை 1

கம்பி வைத்தாயிற்று. இரண்டு பக்கமும். மேஜர்தான் வந்து பற்றவைத்துக் கொடுத்தான். என் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம், அசையவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

சீசனின் முதல் கப்பல். எங்களுக்கு ஆறு பேர், எல்லோரும் கனடாவின் வின்னிபெக் ஊர்க்காரர்கள். நான் வண்டியை நிழலில் நிறுத்தப் போனேன். பலகையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நோரீன் நின்றாள். ஆறு பேரையும் வணக்கம் சொல்ல வைத்த பிறகுதான் பட்டியலைப் பார்த்தாள்.

நான் திரும்பி வரும்போது, அவர்களில் ஒரு பெண்மணி அவள் பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். நீங்களும் கனடாவா, எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்று கேட்டார்.

"மார்ச்ல வந்த கப்பல்ல," என்றாள் நோரீன். "அது போயிடுச்சு."